பதினோரு மணிக்கு மயங்க வேண்டியவர்

குழாய் வாரியத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த ஸ்கேலுக்குக் கடலை ஆகாது. முந்திரி, பாதாம், பிஸ்தா என்று அந்த வகையறாவில் எதுவுமே ஆகாது என்றாலும், கடலைதான் தலைமை விரோதி. ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், தொண்டை அடைத்து மூச்சு திணறும். ஆள் ஒல்லி, நடப்பது நேர்க்கோட்டில், வேலை குழாய் போகும் பாதைக்குக் கோடு இழுப்பது. ஆகவே பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ஸ்கேல்தான்.

பத்து வருடமாக ஸ்கேல் அந்தக் கட்டடத்தில் உயிரோடு இருந்ததற்கு வாரியம் எந்த விதத்திலும் பொறுப்பல்ல. பொறுப்பு கேன்டீன் மாஸ்டரைச் சேர்ந்தது. அவர் ஒரு வாணலியையும் ஒரு கரண்டியையும் ஸ்கேலுக்கென்றே ஒதுக்கி, கரண்டிக் காம்பில் சிவப்புக் கம்பி சுற்றி, தனி ஆணியில் மாட்டியிருந்தார். "இதை எவனாவது தொட்டான், கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்" என்பதுதான் அதற்கான முழு விதிமுறை. அது ஒருமுறைகூட மீறப்பட்டதில்லை.

மீதிப் பொறுப்பு ஸ்கேலின் சட்டைப் பையில் இருந்த ஊசிப் பேனாவையும், எதிர் சீட்டு ஜெராக்ஸ் மேடத்தையும் சேர்ந்தது. பேனாவைத் தொடையில் அழுத்திக் குத்தினால் மருந்து தானாக இறங்கும். நர்ஸாக இருக்கும் ஸ்கேலின் அக்கா ஒருநாள் ஆபீசுக்கே வந்து ஜெராக்ஸ் மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"மூடியை உருவணும், தொடையில ஒரே குத்து, பத்து எண்ணணும், உடனே ஆம்புலன்ஸுக்குப் போன். இவ்வளவுதானே?" என்றார் மேடம். "எங்க வீட்டுக்காரரைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு இது தோணியிருக்கு. ஊசிதான் இல்லாம இருந்துச்சு."

இப்படிக் குழு இல்லாமல், கோப்பு இல்லாமல், தீர்மானம் இல்லாமல் ஒரு மனிதன் பிழைத்துக் கிடந்தது வாரியத்துக்குத் தெரியாது. தெரிந்த நாளில் சனி பிடித்தது.

புதிதாக வந்த இயக்குநர் அந்த வருடத்தை 'ஊழியர் நல ஆண்டு' என்று அறிவித்தார். பதினாறு பக்கப் படிவம் ஒன்று மேஜைக்கு மேஜை வந்தது. "உங்களுக்குள்ள உடல்நலக் குறைபாடு என்ன?" என்பது முதல் கேள்வி. "அக்குறைபாட்டைப் போக்க வாரியம் எடுத்துவரும் முயற்சிகள் எப்படி? மிகச் சிறப்பு / சிறப்பு" என்பது கடைசிக் கேள்வி. ஸ்கேல் கோடு தவறாத ஆள். முதல் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். அவசரத்துக்கு என்ன தேவை என்ற கட்டத்தில் 'ஊசிப் பேனா, சட்டைப் பையில் உள்ளது' என்று அழகான அச்செழுத்தில் எழுதி, கீழே ஒரு சின்னப் படமும் வரைந்துவைத்தார். வரைவாளர் புத்தி.

மறுநாள் காலை நல அலுவலர் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மையார் வாசல்வரை வந்து மாப்பிள்ளை அழைப்பதுபோல் அழைத்தார்.

"வாங்க, வாங்க! நீங்கதானா அது? உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? குடிக்கலாமில்ல?"

"தண்ணி குடிக்கலாம் மேடம்."

"நலப் பிரிவு ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு சார். ஒரு நோயாளிகூட அமையல. போன வருஷம் ஆண்டறிக்கையில 'பயனடைந்தோர் எண்ணிக்கை: பூஜ்யம்'னு எழுதுறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. கடவுள் கண்ணைத் தொறந்துட்டார்."

"மேடம், எனக்குன்னு எதுவும் செய்ய வேண்டாம். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு."

அம்மையார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "குழுவே இல்லாம எப்படிங்க நல்லாப் போகும்?"

குழு அமைந்தது. 'பருப்பு ஒவ்வாமை மேலாண்மை உயர்மட்டக் குழு.' பதினொரு பேர். அவர்களில் பருப்பு ஒவ்வாதவர் யாரும் இல்லை. பாதிக்கப்பட்டவரைச் சேர்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று முதல் குறிப்பிலேயே எழுதியிருந்தது. ஆனால் 'பயனாளி' என்ற முறையில் ஸ்கேல் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். போனவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க சார், கூச்சப்படாதீங்க."

"மேடம், மேஜையில முந்திரி பிஸ்கட் இருக்கு."

"அது உறுப்பினர்களுக்கு. உங்களுக்குத் தர மாட்டோம், தைரியமா வாங்க."

ஸ்கேல் வாசலில் நின்றபடியே கூட்டத்தில் கலந்துகொண்டார். 'பயனாளி ஆர்வத்துடன் நின்றுகொண்டே கவனித்தார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று.

சட்ட அலுவலர் முதலில் தொண்டையைச் செருமினார். தடித்த கண்ணாடிக்காரர், எதைப் படித்தாலும் அதில் ஓட்டை தேடுவார்.

"ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. மனுதாரர் தன்னோட படிவத்துல கடலைன்னு எழுதியிருக்கார். கடலைங்கிறது மண்ணுக்கடியில விளையுறது. சாதியால அவரைக்காய்க்குச் சொந்தம். முந்திரியும் பாதாமும் மரத்துல காய்க்குறது. இந்தக் குழுவோட அதிகாரம் மரத்தோட நின்னுடுது. கடலையைத் தின்னு இவர் செத்துப்போனா, அது நம்ம வரம்புக்கு வெளிய நடந்த சாவு."

"சார், என் தொண்டைக்கு மரம் செடி வித்தியாசம் தெரியாதே" என்றார் ஸ்கேல்.

"தெரியாதுங்கிறது சட்டத்துல சாக்கு ஆகாது" என்றார் சட்ட அலுவலர். 'பயனாளியின் தொண்டை மாறுபட்ட கருத்துத் தெரிவித்தது' என்று அதுவும் குறிப்பில் ஏறியது.

எனவே கடலைக்குத் தனிக் குழு. அதே பதினொரு பேர். முதல் குழு முடிந்ததும் எழுந்து, நாற்காலியை ஒருமுறை சுற்றிவந்து, மறுபடி உட்கார்ந்தால் இரண்டாவது குழு. கடலைக் குழுவில் முந்திரி பிஸ்கட்டும், மரப்பருப்புக் குழுவில் வறுத்த கடலையும் பரிமாறினார்கள். இரண்டிலும் விதிமீறல் கிடையாது.

இரண்டு குழுக்களும் சேர்ந்து எடுத்த முதல் நடவடிக்கை, ஸ்கேலின் சட்டைப் பையில் இருந்த ஊசிப் பேனாவைப் பறிமுதல் செய்வது.

"பறிமுதல்னு சொல்லாதீங்க சார், பாதுகாப்பு" என்று திருத்தினார் நல அலுவலர். "இவ்வளவு முக்கியமான உயிர் காக்கும் சாதனத்தைச் சட்டைப் பையிலயா வெச்சுக்கிட்டு அலையறது? குனிஞ்சா விழுந்துடாது?"

"பத்து வருஷமா விழலையே மேடம்."

"அதான் பயமா இருக்கு. இனி எப்ப வேணா விழலாம்."

பேனா பண்டகசாலைக்குப் போயிற்று. பண்டகக் காப்பாளர் மோசமான மனிதர் அல்ல. ஒரு ஆணியை வெளியே கொடுப்பதென்றாலும் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல் கண் கலங்குகிற ரகம், அவ்வளவுதான். பேனாவைத் துணியில் துடைத்து, எண் போட்டு, இரும்புப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று சட்ட அலுவலரிடம், இன்னொன்று நிர்வாக அலுவலரிடம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திருகினால்தான் திறக்கும்.

"அவசரம்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டார் ஸ்கேல்.

"ரொம்ப சுலபம். மயங்கப் போற தேதியை மூணு வேலை நாளைக்கு முன்னாடி எழுதிக் கொடுத்துருங்க. நான் எண்ணெய் போட்டுத் தயாரா வெச்சிருக்கேன்."

"முன்கூட்டித் தெரியாதே."

காப்பாளருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "கொஞ்சம் திட்டமிட்டு வாழப் பழகுங்க தம்பி."

அன்று மாலை ஸ்கேல் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை அப்படியே கீழே போட்டாள்.

"பேனாவைக் கேட்டாங்க, நீ கொடுத்துட்டியா?"

"கையெழுத்து வாங்கிட்டுத்தான்கா கொடுத்தேன்."

"ஓ! தொண்டை அடைச்சா அந்தக் கையெழுத்தைத் தொடையில குத்திக்குவியா? எருமை. உன்னை இருவத்தெட்டு வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்துனது, நீ போய் ஒரு இரும்புப் பெட்டி முன்னாடி சாகுறதுக்கா?"

மறுநாளே டாக்டரிடம் சீட்டு வாங்கி இன்னொரு பேனாவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தனுப்பினாள். ஆபீஸ் வாசலில் காவலர் தடுத்தார். அவர் கையில் ஸ்கேல் படிவத்தில் வரைந்த அதே படம், பெரிதாக்கிப் பிரதியெடுத்து. அளவு, நிறம், மூடி எல்லாம் துல்லியமாகப் பொருந்தின.

"அருமையா வரைஞ்சிருக்கீங்க சார். பார்த்ததும் புடிச்சிட்டேன்" என்று பாராட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். ஓர் ஊழியருக்கு ஒரு பேனா என்பது விதியாம். இரண்டாவதும் பெட்டிக்குள் போய் முதலாவதின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"மூணாவதை உன் வயித்துக்குள்ளதான் வெச்சுத் தைக்கணும்" என்றாள் அக்கா. "அந்த வேலையை விட்டுத் தொலையேன்டா."

"விடறதுக்கும் மூணு மாசம் முன்னாடி எழுதிக் கொடுக்கணும்கா."

அதற்குள் குழு கேன்டீனுக்கு இறங்கியிருந்தது. சிவப்புக் கம்பி சுற்றிய கரண்டியைக் கண்டதும் நல அலுவலருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இது யார் அனுமதிச்சது?"

"யாரும் இல்லீங்க, நான்தான்" என்றார் கேன்டீன் மாஸ்டர். "அந்தப் புள்ளைக்குக் கடலை ஆகாது. அதான் தனியா."

"நானூத்திப் பன்னிரண்டு பேருக்கு ஒரு கரண்டி, ஒருத்தருக்கு மட்டும் ஒரு கரண்டியா? நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி கேட்டா?"

"கேட்டா கொடுத்துட்டுப் போறேன். கரண்டிக்கா பஞ்சம்?"

இந்தப் பதிலில் மரியாதைக் குறைவு இருந்ததால் கரண்டியும் வாணலியும் கைப்பற்றப்பட்டன. அதற்குப் பதிலாக 'அறிவியல்பூர்வமான ஏற்பாடு' ஒன்று வந்தது. 'இதில் பருப்பு இருக்கலாம்' என்று அச்சிட்ட மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருபதாயிரம். எதில் பருப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து ஒட்டத்தான் முதலில் உத்தேசம். பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஒட்டுவதற்கு ஆள் இருந்தது. ஆகவே எல்லாவற்றிலும் ஒட்டினார்கள். சோற்றுப் பானையில், உப்பு ஜாடியில், தண்ணீர்க் குழாயில், கைகழுவும் சோப்பில். மேல்மாடியில் நாற்காலிகளிலும், மின்விசிறியிலும், ஜெராக்ஸ் இயந்திரத்தின் வயிற்றிலும். ஒரு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் ஒட்டுச்சீட்டு இல்லாத பொருள், குழு உறுப்பினர்களின் முந்திரி பிஸ்கட் தட்டு மட்டும்தான். அதில் பருப்பு 'இருக்கலாம்' அல்ல, நிச்சயமாக இருந்தது. அதனால் அந்த வாசகம் பொருந்தாது என்று சட்ட அலுவலர் கருத்துச் சொல்லியிருந்தார்.

"எதைத்தான் சாப்பிடுறது மேடம்? எல்லாத்துலயும் இருக்கலாம்னா எதுல இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஸ்கேல்.

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. இனி வாரியத்துக்குப் பொறுப்பு இல்ல" என்று ஆறுதல் சொன்னார் நல அலுவலர்.

ஸ்கேல் வீட்டிலிருந்து டப்பா கட்டிவர ஆரம்பித்தார். டப்பாவிலும் வாசலில் ஒட்டினார்கள். ஒருநாள் காலை ஏதோ நினைப்பில் இருந்த காவலர் அவர் முதுகிலும் ஒன்று ஒட்டிவிட்டார். மதியம்வரை ஸ்கேல் அதோடு திரிந்தார். ஜெராக்ஸ் மேடம்தான் பார்த்துப் பிய்த்தெடுத்தார்.

"ஸ்கேலு, உனக்குள்ள பருப்பு இருக்கலாமாம்யா. சந்தேகம்தான்."

சிரித்தாலும் மேடத்துக்கு உள்ளூர உதறல். குத்தத் தெரிந்த கை இருந்தது. குத்துவதற்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவர் தன் போனில் ஆம்புலன்ஸ் எண்ணை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்படியாக 'ஒவ்வாமை விழிப்புணர்வு நாள்' வந்து சேர்ந்தது. பெரிய கூடத்தில் மேடை, மைக், நீளமான மேஜையில் கண்காட்சி. பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் பன்னிரண்டு வகைப் பருப்புகள், 'நம் எதிரிகளை அறிவோம்' என்ற தலைப்பில். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பளபளப்பான கரண்டி, பார்வையாளர்கள் எதிரியைச் சுவைத்துப் பார்ப்பதற்காக. நிகழ்ச்சி நிரலில் 10.30 வரவேற்பு, 10.40 இயக்குநர் உரை, 10.50 பயனாளிக்குப் பருப்பில்லாப் பழக்கலவை ஊட்டுதல், 11.00 பயனாளி மயங்குதல், 11.01 மீட்பு ஒத்திகை, 11.30 தேநீர்.

மயங்குவதற்கு ஸ்கேல் மூன்று நாளாகப் பயிற்சி எடுத்திருந்தார். அது சரியாக வரவில்லை. நேராக நிமிர்ந்தபடி, மரப்பலகை சாய்வதுபோல் விழுந்தார். "கொஞ்சம் உயிரோட மயங்குங்க சார்" என்று நல அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"நண்பர்களே! நான் இங்கு வந்தபோது இந்த வாரியத்தில் ஒவ்வாமை இருப்பதே யாருக்கும் தெரியாது. பத்தாண்டுகளாக இந்த மனிதர் எந்த ஆபத்தும் இல்லாமல் இருட்டில் வாழ்ந்திருக்கிறார். இன்று அப்படியா? இன்று இந்தக் கட்டடத்தில் அவர் எங்கே திரும்பினாலும் ஆபத்து எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது! இதைச் சாதித்தது யார்? நாம்! ஒரு மனிதனுக்காக இருபத்தொன்பது கூட்டங்கள். இருபதாயிரம் ஒட்டுச்சீட்டுகள். அந்தப் பேனா ஒன்று இருந்ததை இரண்டாக உயர்த்தியிருக்கிறோம். இரண்டையும் யாராலும், நான் மீண்டும் சொல்கிறேன், யாராலும் எடுக்க முடியாது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பழக்கலவைக் கிண்ணத்தை எடுத்தார். கேன்டீன் மாஸ்டர் காலை ஐந்து மணிக்கு வந்து, பாத்திரத்தை மூன்று முறை கழுவி, தன் கையாலேயே நறுக்கிக் கலந்த பழம் அது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கரண்டி மட்டும் வைக்க மறந்திருந்தார்கள். இயக்குநர் பக்கத்தில் பார்த்தார். மேஜையில் பன்னிரண்டு கரண்டிகள் இருந்தன. அருகில் இருந்த ஒன்றை எடுத்து, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஸ்கேலின் வாயில் ஒரு வாய் பழத்தை ஊட்டினார்.

அருகில் இருந்தது கடலைக் கிண்ணம்.

கூடத்தின் கோடியில் நின்ற கேன்டீன் மாஸ்டர் "ஐயா, அந்தக் கரண்டி!" என்று கத்தியது கைதட்டலில் அமுங்கிப் போனது.

மணி 10.52. ஸ்கேலுக்கு உதடு அரித்தது. நாக்கில் யாரோ ஊசி நட்டதுபோல் இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். எட்டு வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை பார்த்த பழைய ஆள்.

"மேடம்..." என்றார். "நிஜமாவே வருது."

நல அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு சார். அவசரப்படாதீங்க."

"பேனா... பேனா வேணும்..."

"பதினொண்ணு ஒண்ணுக்குத்தானே பேனா? நிரலைப் பாருங்க."

ஸ்கேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் சரிந்தார். இந்த முறை பலகைபோல் விழவில்லை. முழங்கால் மடங்கி, கை துவண்டு, கொத்தாக விழுந்தார். கூடம் அசந்துபோனது.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். "பயிற்சி கொடுத்தது யார்?"

"நான்தான் சார்" என்றார் நல அலுவலர், கண் பனிக்க.

ஜெராக்ஸ் மேடம் மட்டும் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "யோவ், அந்த ஆளுக்கு நடிக்க வராதுய்யா! மூணு நாளா பார்த்தேன், அவருக்கு விழவே தெரியாது! நிஜம்யா இது!" என்று கத்திக்கொண்டே போனை அழுத்தினார். கேன்டீன் மாஸ்டர் கூட்டத்தைப் பிளந்து மேடைக்குத் தாவினார். ஸ்கேலைப் படுக்கவைத்து, இயக்குநரின் நாற்காலியை இழுத்து அவர் கால்களை அதன்மேல் தூக்கிவைத்தார்.

"சாவி! சாவியை எடுங்க!" என்றார் மேடம்.

காப்பாளர் தன் சாவியை உடனே உருவினார். ஒத்திகைக்காக மேடையோரம் கொண்டுவந்திருந்த பெட்டியின் பூட்டில் நுழைத்தார். சட்ட அலுவலர் தன்னுடையதை எடுத்துவிட்டு, "ஆனா இது கடலையால வந்ததா மரப்பருப்பால வந்ததான்னு..." என்று ஆரம்பித்தார். கேன்டீன் மாஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது சாவி நிர்வாக அலுவலரிடம். நிர்வாக அலுவலர் ஊரில் இல்லை. 'விரைந்து முடிவெடுப்பது எப்படி' என்ற ஐந்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்.

மணி 10.58. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் படியேறி ஓடிவந்தார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், பையைத் திறந்தார்கள், கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஒரு குத்து. மூன்று பூட்டும் இருபத்தொன்பது கூட்டமும் செய்ய முடியாத வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஸ்கேலின் நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. ஜெராக்ஸ் மேடம் அப்படியே மேடையில் உட்கார்ந்து சத்தமாக அழுதார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது ஒத்திகை மணி அடித்தது. மணி சரியாகப் பதினொன்று.

"சார்! சார்! இப்பதான் மயங்கணும்!" என்று நல அலுவலர் மேலே நின்று கையாட்டியது கடைசியாக ஸ்கேல் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, திட்டுவதற்கு வார்த்தை தேடி, கிடைக்காமல், அவர் தலையைத் தடவிவிட்டு, பிறகு கிடைத்து, விடியும்வரை திட்டினாள். மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போனபோது மேஜையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, நிகழ்ச்சி நிரலில் குறித்த நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னதாக மயங்கியதற்கும், ஒத்திகையின்போது அனுமதியின்றிக் கட்டடத்தைவிட்டு வெளியேறியதற்கும் விளக்கம் கேட்டு. இன்னொன்று குழுவின் அறிக்கைப் பிரதி. அதன் கடைசிப் பத்தி: 'இச்சம்பவம் முழுவதிலும் வாரியத்தின் பாதுகாப்பில் இருந்த இரு பேனாக்களுக்கும் யாதொரு சேதமும் ஏற்படவில்லை என்பதைக் குழு பெருமையுடன் பதிவு செய்கிறது.'

ஸ்கேல் நேராகப் பண்டகசாலைக்கு நடந்தார்.

"என் பேனா எனக்கு வேணும் சார். இனிமே என்னால முடியாது. பயமா இருக்கு."

காப்பாளர் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேரேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நோயாளிக்கான சாதனம் தம்பி. நோயாளி இருக்கிறவரைக்கும் அது பெட்டியிலதான் இருக்கணும். நான் ஒண்ணும் செய்ய முடியாது." பேரேட்டை மூடினார். "நோயாளியே இல்லைன்னா, அது உபயோகமில்லாத பொருள். இடத்தை அடைக்கும். அன்னைக்கே கழிச்சுத் தூக்கிப் போட்டுருவேன். யார் பொறுக்கிட்டுப் போனாலும் கேக்க மாட்டேன்."

ஸ்கேல் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அங்கேயே, அழகான அச்செழுத்தில் எழுதினார்: 'எனக்கு இருந்த ஒவ்வாமை, வாரியத்தின் இடைவிடாத முயற்சியால் முற்றிலும் நீங்கிவிட்டது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' மருத்துவச் சான்று எதுவும் இணைக்கவில்லை. பதினாறு பக்கம் கேட்டவர்கள் இதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல அலுவலர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மாலை, பயிற்சி முடிந்து நிர்வாக அலுவலரும் வந்துசேர, மூன்று சாவிகளும் ஒன்றாகத் திரும்பின. இரண்டு பேனாக்களும் குப்பைக்கூடையில் ஒரு பழைய துணிமேல் மெத்தென்று போடப்பட்டன. காப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மழை வருமா என்று பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் திரும்பியபோது கூடை காலி. ஒன்று ஸ்கேலின் சட்டைப் பைக்கும், இன்னொன்று ஜெராக்ஸ் மேடத்தின் கைப்பைக்கும் போயிருந்தன. குழு கலைந்ததால் கைப்பற்றிய கரண்டியும் வாணலியும் கேன்டீனுக்குத் திரும்பின. கேன்டீன் மாஸ்டர் எதுவும் கேட்காமல் வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மாதக் கடைசியில் பாராட்டு விழா. ஸ்கேலின் செய்தி பரவி, நல ஆண்டில் வேறு ஏதேதோ எழுதிக் கொடுத்திருந்த ஒன்றிரண்டு பேரும் அவசரமாக அதேபோல் வெள்ளைத்தாள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை நீங்கியது. மூட்டுவலி நீங்கியது. ஒருவருக்குக் கிட்டப்பார்வை நீங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி விழாவுக்கு வந்திருந்தார். இயக்குநர் முழங்கினார்: "நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்கள், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை! இப்படி ஓர் அலுவலகம் வேறெங்காவது உண்டா?"

கைதட்டல் முடிந்து, கூட்டம் தேநீருக்கு நகர்ந்தது. கழற்றிய பதாகைகளைச் சுருட்டி வைக்க மேடைத் திரைக்குப் பின்னால் போன ஸ்கேல் சட்டென்று நின்றார். அங்கே இயக்குநர் சுவரோரமாகத் தனியே நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்க, உள்ளங்கையில் வெள்ளையாய் ஒன்றும் இளஞ்சிவப்பாய் ஒன்றும் இரண்டு மாத்திரைகள். வாயில் போட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாமல் விழுங்கத் திணறிக்கொண்டிருந்தார். ஸ்கேலைக் கண்டதும் விழி பிதுங்கியது.

"வைட்டமின்" என்றார், பாதி தொண்டையில் நிற்க.

ஸ்கேல் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். இயக்குநர் மடமடவென்று குடித்தார். மாத்திரை இறங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"எதை சார்?" என்றார் ஸ்கேல். "நம்ம ஆபீஸ்லதான் யாருக்கும் எதுவுமே இல்லையே."